மாப்பிள்ளை பிடித்த பூச்சி

கீழ்ச்சேரிப் பண்ணையில் அந்த வருஷம் நிலக்கடலைப் பருப்பெல்லாம் புள்ளி விழுந்து கசந்தது. "நீங்க ஒழுங்கா காயவைக்கலை. நாளையிலிருந்து ஒருத்தியும் வேலைக்கு வரவேண்டாம்" என்று கடலை உடைக்கும் பெண்களிடம் சொல்லிவிட்டார் பண்ணையார் ஏகாம்பரம்.

அவர்களில் ஒருத்தியான பச்சையம்மா கடலைக் கொல்லையைக் கிளறி, மண்ணுக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு கருப்புப் பூச்சியைப் பிடித்து வந்தாள். "கடலையை உறிஞ்சுறது இதுதாங்க."

பூச்சிகளைப் பற்றிப் பட்டணத்தில் படித்த, பண்ணையாரின் மாப்பிள்ளை சுதர்சனம் எட்ட நின்றே பார்த்துச் சிரித்தார். "இது வெறும் கருவண்டு. கடலையைத் தொடாது."

"வண்டுக்கு முதுகு நடுவுல நேர்கோடு இருக்கும். இதுக்கு முக்கோணம் இருக்குதுங்க. வயித்தோட ஒரு ஊசியை மடக்கி வச்சிருக்குது."

"எனக்கே பாடமா? வண்டுன்னா வண்டுதான்."

"படிச்சவங்க சொன்னா சரிங்க மாப்பிள்ளை. ஊசிப் பூச்சின்னா இறுக்கினதும் நாறும், வண்டு நாறாது. பத்து எண்ணுற வரைக்கும் இறுக்கிப் பிடிங்க. நாறலைன்னா நாங்களே போயிடறோம்."

மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மறுக்க வழியில்லாமல் பூச்சியை வலது கையில் வாங்கி மூடினார். பச்சையம்மா நிதானமாக எண்ணினாள். நான்கில் மாப்பிள்ளையின் முகம் கோணியது. ஆறில் பண்ணையார் துண்டால் மூக்கைப் பொத்தினார். ஏழில் மாப்பிள்ளை கையை உதறினார்.

கீழே விழுந்த பூச்சியைப் பண்ணையார் குச்சியால் புரட்டினார். வயிற்றில் ஊசி மடங்கியிருந்தது.

"நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வாங்க" என்றார், துண்டை எடுக்காமலே.

மாப்பிள்ளை சீயக்காய், எலுமிச்சை எல்லாம் தேய்த்துப் பார்த்தார். இரண்டு நாள் ஸ்பூனால்தான் சாப்பிட்டார்.