ஒரு சங்கு வேப்பெண்ணெய்

ஆவுடையப்பன் மடத்துக்குள்ளே செருப்போடு வந்துவிட்டார். எட்டு வருஷத்தில் அவர் அப்படி வந்ததே கிடையாது.

மாசிலாமணிச் சாமி முற்றத்தில் சாக்கை விரித்து வேப்பங்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். சீடரின் செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"சாமி, வேப்பெண்ணெய் குழந்தையைக் கொல்லுமா?"

"எந்தக் குழந்தையை?"

ஆவுடையப்பனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்குத் தொண்டை அடைத்தது என்றால் ஊரே நம்பாது. இருபது வருஷம் உரக்கடையில் நின்று பேசிப் பேசியே மூட்டையை விற்ற மனுஷன். ஐம்பது வயசில் வைத்தியம் படிக்கிறேன் என்று கடையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். வந்த நாளிலிருந்து வேம்பு என்றால் கிறுக்கு. வேம்புக்கென்றே ஒரு நோட்டுப் போட்டு, யார் எந்தப் பயனைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் "தம்பி, காலையில எதுல பல் விளக்குனீங்க?" என்று ஆரம்பித்தால், பாவம், அவன் இறங்குகிற வரைக்கும் தப்பிக்க முடியாது. அப்பேர்ப்பட்ட வாய்தான் இப்போது அடைத்துப்போய் நின்றது.

"எங்க ஊரு சுடலைக்கனியோட பிள்ளை, சாமி. மூணு மாசம். நெஞ்சுல சளி கட்டிக் கர்ருகர்ருன்னு இழுத்துது. நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா."

"என்ன கொடுத்தே?"

"வேப்பெண்ணெய்."

"எவ்வளவு?"

"ஒரு சங்கு."

பாலாடைச் சங்கைத்தான் சொன்னார். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற அதே சங்கு. கொட்டையைப் பரப்பிக்கொண்டிருந்த சாமியின் கை அப்படியே நின்றது.

"வாந்தி எடுத்துது. சளிதான் வெளியே வருது, நல்லதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். காலையில வெட்டு வந்து கை காலெல்லாம் இழுத்திருக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. மூளைக்காய்ச்சலா இருக்கும்னு பார்க்குறாங்களாம்."

"எண்ணெய் கொடுத்தது அங்கே தெரியுமா?"

ஆவுடையப்பன் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"சுடலைக்கனி போன் பண்ணுனா, சாமி. வேற என்ன மருந்து கொடுத்தீங்கன்னு டாக்டரம்மா கேக்குறாங்க, சொல்லட்டுமான்னு கேட்டா. சொல்லாதேன்னுட்டேன். நாட்டு மருந்துன்னு சொன்னா அவங்க கரிச்சுக் கொட்டுவாங்க, பிள்ளையைச் சரியாப் பார்க்க மாட்டாங்கன்னு..."

"எப்போ சொன்னே?"

"எட்டு மணிக்கு."

இப்போது பத்தரை.

"போன் போடு."

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அப்புறம் அணைந்தே போய்விட்டது.

சாமி எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "ஆட்டோவைக் கூப்பிடு."

வண்டி ஏறி ஊர் தாண்டுகிற வரைக்கும் ஆவுடையப்பன் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்குப் பயம் இரண்டு விதமாக இருந்தது. பிள்ளை செத்துவிடுமோ என்று ஒரு பயம். தான் மாட்டிக்கொள்வோமோ என்று இன்னொரு பயம். எது பெரிசு என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். கிடைத்த பதில் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"சாமி, ஒருவேளை நிஜமாவே மூளைக்காய்ச்சலா இருந்தா? வீணா வேம்பு பேரைக் கெடுக்கணுமா? வேம்பு அமிர்தம், சாமி. அது எப்படிக் கொல்லும்?"

"நோட்டுல என்ன எழுதியிருக்கே? சொல்லு."

"இப்பவா?"

"ஆஸ்பத்திரி இன்னும் பன்னெண்டு மைல் இருக்கு. சொல்லு."

ஆவுடையப்பனுக்கு நோட்டு வேண்டியதில்லை, எல்லாம் மனப்பாடம். "நெல்லுக் குதிருக்குள்ள வேப்பிலை போட்டு வைக்கணும்."

"எதுக்கு?"

"வண்டு அண்டாது. இருக்குறதும் செத்துடும்."

"புண்ணாக்கு?"

"வேர்ப்புழுவுக்கு."

"புழுவுக்கு ஊட்டி வளர்க்கவா?"

"கொல்றதுக்கு, சாமி."

"கொட்டையை இடிச்சு ஊறவெச்சுக் கத்தரிச் செடிக்குத் தெளிக்கிறோமே?"

"அதுவும் புழுதான். தின்ன முடியாமக் காய்ஞ்சு சாகும்."

"உங்க கடையில பச்சையா யூரியா வருமே, அதுல எதுக்கு வேப்பெண்ணெய் பூசுறான்?"

"மண்ணுல உரத்தை வீணாக்குற கிருமி இருக்கு. அதை அடக்கி வைக்கும்."

"தலையில தேய்ச்சா?"

"பேன் சாகும்."

"சோப்புல போடுறான், பேஸ்ட்டுல போடுறான்."

"கிருமி..."

"பூவைப் போட்டு ரசம்?"

"வயித்துப் பூச்சி." ஆவுடையப்பனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிக் கிளையைப் பிடிப்பதுபோல ஒன்றைப் பிடித்தார். "அம்மை போட்ட வீட்டு வாசல்ல கொத்து கட்டுறோமே, சாமி! அது கொல்றதுக்கா?"

"அதை யாரும் பிள்ளை வாயில ஊத்துறதில்லை."

ரோட்டோரம் வேப்பமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஆவுடையப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷம், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கொல்லும், சாகும், அழியும், ஒழியும். அவர் கையால் எழுதிய வார்த்தைகள்தான். அட, ஒரு நாளாவது அதைச் சேர்த்து வைத்துப் பார்த்தோமா என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எது சின்னதோ அதை அது கொல்லும்" என்றார் சாமி. "மூணு மாசப் பிள்ளை எவ்வளவு பெரிசு?"

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு மாடியில் இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆவுடையப்பன் போய் எதிரே நின்றார். கும்பிட்டார். சொல்லிவிட்டார். ஒன்றை மறைக்கவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. அதை மட்டும் அவருக்காகச் சொல்லியாக வேண்டும்.

"எத்தனை மணிக்கு?"

"நேத்து சாயங்காலம், ஆறு இருக்கும்."

"எத்தனை மில்லி?"

"ஒரு சங்கு, பத்து இருக்கும்மா."

டாக்டரம்மா உள்ளே ஓடிக்கொண்டே நர்ஸிடம் என்னென்னவோ சொன்னார். கதவருகில் நின்று திரும்பினார். "இந்தம்மாகிட்ட மூணு தடவை கேட்டேனே, வேற எதாச்சும் கொடுத்தீங்களான்னு! மூணு தடவை!"

சுடலைக்கனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளையின் துணி. ஆவுடையப்பனைப் பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் நினைத்தார்.

"நீங்கதானே அண்ணாச்சி சொல்லாதேன்னீங்க" என்றாள். "அதான் நான் சொல்லலை."

மடியிலிருந்த துணியை மறுபடி மடித்துவைத்தாள்.

மூன்றரை மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

சுடலைக்கனியின் அண்ணன் ஓடிவந்து ஆவுடையப்பனின் கன்னத்தில் அறைந்தான், இன்னும் அடித்தான். ஆவுடையப்பன் கையைத் தூக்கவே இல்லை. யாரோ இழுத்துப் பிரித்தார்கள். சுடலைக்கனி மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்து, "கேட்டாங்க, நான் சொல்லலை, கேட்டாங்க, நான் சொல்லலை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடி வலிக்கவில்லை. அந்தக் குரல்தான் அவரைப் படிக்கட்டில் இறக்கி வெளியே விரட்டியது.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. சாமி முன்பே வந்து அதில் உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்தார். உதடு கிழிந்திருந்தது.

"சொன்னேன், சாமி."

"ம்."

"என்ன ஆச்சு? பிள்ளை பிழைச்சுதா? இல்லையே. இனிமே எனக்கு வைத்தியம் இல்லை, அந்த ஊருக்குள்ள காலடி வைக்க முடியாது. போகட்டும், நான் பாவி. அவளைப் பாருங்க சாமி! நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, காய்ச்சல்ல போச்சுன்னு அழுது தீர்த்திருப்பா. இப்போ நான்தான் சொல்லாமப் பிள்ளையைக் கொன்னுட்டேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுக் கிடப்பா. அவளையும் சேர்த்துக் கொன்னுட்டேன். நான் சொன்னதுல யாருக்கு என்ன பலன்?"

சாமி ஆவுடையப்பன் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"முப்பத்தேழு வருஷம் ஆச்சு. நானும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன்."

ஆவுடையப்பன் தலை நிமிர்ந்தார்.

"நாப்பது நாள் பிள்ளை. இதே மாதிரி வாந்தி, இதே மாதிரி வெட்டு. பிள்ளை தங்கலை. காத்துக் கருப்பு அடிச்சிடுச்சு சாமின்னு தாய் அழுதா. நான் ஆமாம்னேன்."

"சாமி..."

"அதுக்கப்புறம் பால்குடிப் பிள்ளைக்கு நான் அதைத் தொட்டதில்லை. ஏன்னு யார்கிட்டயும் சொன்னதும் இல்லை. எட்டு வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து எழுதுனியே, உங்கிட்டயும் சொல்லலை."

ஆவுடையப்பனுக்கு எழுந்து அந்தக் கிழவரின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. கை எழவில்லை.

மேலே வார்டிலிருந்து சுடலைக்கனியின் குரல் கேட்டது.

"சொன்னதுல என்ன பலன்னு எனக்குத் தெரியாது, ஆவுடையப்பா" என்றார் சாமி. "சொல்லாம இருந்ததோட பலன் மாடியில கிடக்கு."