பாட்டரி தரும் அரை மணி நேரம்

"இன்னும் எனக்கு என்னதான் தெரியணும் மேடம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

கேட்டவருக்கு ஐம்பத்து நாலு வயது. முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டும் விமானங்களைப் பாதி ஆயுள் ஓட்டியவர். அவர் எதிரே உட்கார்ந்திருந்த ஜெபசீலிக்கு முப்பத்தாறு. ஆறு பேர் முட்டி இடிக்க உட்காரும் ஒரு குட்டி ஜெட்டுக்குப் பயிற்சி கொடுப்பவர்.

மாசிலாமணியின் பழைய கம்பெனி திடீரென்று ஒருநாள் இழுத்து மூடப்பட்டது. அந்த வயதில் பைலட்டைத் தேடி வந்து யாரும் வேலை தருவதில்லை. திருச்சியில் ஒரு சின்ன வாடகை விமானக் கம்பெனி மட்டும் தந்தது. ஒரே நிபந்தனை. வெள்ளிக்கிழமைக்குள் ஜெபசீலி "இவர் ஓட்டலாம்" என்று கையெழுத்துப் போட வேண்டும்.

போடாவிட்டால் அந்த இருக்கைக்கு வேறு ஆள் தயார். அதற்குப் பிறகு மாசிலாமணி விமானத்தில் ஏறுவதென்றால் டிக்கெட் எடுத்துத்தான் ஏற வேண்டும்.

அன்று திங்கட்கிழமை.

"கரண்ட் எப்படி வருதுன்னு சொல்லுங்க சார்," என்றார் ஜெபசீலி.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

வாலுக்குள் ஒரு பாட்டரி. இரண்டு இஞ்சின். ஒவ்வொரு இஞ்சினிலும் ஒரு மெஷின். கிளம்பும்போது அந்த மெஷின் பாட்டரியிடம் கரண்ட் வாங்கி இஞ்சினைச் சுற்றிவிடும். இஞ்சின் பற்றிக்கொண்டதும் கதை தலைகீழாகும். இப்போது இஞ்சின் அந்த மெஷினைச் சுற்றும், அது ஜெனரேட்டராகிக் கரண்ட் தரும். விமானம் முழுக்க அந்தக் கரண்டில் ஓடும். பாட்டரிக்கும் கொஞ்சம் திரும்பப் போகும்.

ஒரு ஜெனரேட்டர் போனால் மற்றது சுமக்கும்.

"ரெண்டும் போனா?"

"பாட்டரி மேடம். ஸ்விட்சை எமர்ஜென்சிக்குத் தள்ளிடணும். தள்ளினா முக்கியமான நாலஞ்சு சாமானுக்கு மட்டும் கரண்ட் போகும், மத்ததெல்லாம் அணைஞ்சிடும். அரை மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள இறங்கிடணும்."

ஒரு சொல் பிசகவில்லை.

ஜெபசீலி, "சரி சார். நாளைக்கு வாங்க," என்றார். பேனாவை எடுக்கவில்லை.

கதையின் தொடக்கத்தில் வந்த அந்தக் கேள்வியை மாசிலாமணி கேட்டது அப்போதுதான். ஜெபசீலி டீ வாங்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை சிமுலேட்டரில் உட்கார வைத்தார். தரையில் இருக்கும் பொய் விமானம் அது. ஆனால் உள்ளே உட்கார்ந்தவருக்கு நிஜமாகவே வியர்க்கும்.

பறந்துகொண்டிருக்கும்போது ஜெபசீலி பின்னாலிருந்து ஒரு பித்தானை அழுத்தினார். இரண்டு ஜெனரேட்டரும் போயின.

மாசிலாமணியின் கை விருட்டென்று மேலே போயிற்று.

பெரிய விமானங்களின் வாலில் மூன்றாவதாக ஒரு குட்டி இஞ்சின் உண்டு. ஜெனரேட்டர் எல்லாம் கைவிட்டாலும் அது கரண்ட் தரும். அதன் ஸ்விட்ச் கூரையில் இருக்கும். இருபது வருஷம் பழகிய கை கூரையைத் தடவியது. இந்த ஜெட்டுக்கு அந்த இஞ்சினும் கிடையாது, ஸ்விட்சும் கிடையாது. விரலுக்கு மெத்தைத் துணிதான் அகப்பட்டது.

"நாளைக்கு வாங்க சார்," என்றார் ஜெபசீலி.

புதன்கிழமை கை மேலே போகவில்லை. அந்த மட்டில் நல்லது.

அணைந்த ஜெனரேட்டரை ஒரு தரம் மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று பாடம் சொல்கிறது. மாசிலாமணி இடதைப் போட்டார். வரவில்லை. வலதைப் போட்டார். வரவில்லை. மறுபடியும் இடது, மறுபடியும் வலது என்று, வராத பஸ்ஸுக்கு எட்டி எட்டிப் பார்ப்பவர்போல விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். ஸ்விட்சை எமர்ஜென்சிக்குத் தள்ளவில்லை. திரைகளும், ஏசி விசிறியும், பின்னால் காப்பி சூடாக்கும் அடுப்பும் பாட்டரியை ஆளுக்கொரு பக்கம் உறிஞ்சின. சில நிமிஷங்களில் எல்லாம் இருண்டது.

"கடலுக்குள்ள இருக்கோம் சார்," என்றார் ஜெபசீலி.

வியாழக்கிழமை, ஜெனரேட்டர்கள் போன கையோடு மாசிலாமணி ஸ்விட்சைத் தள்ளினார். அவ்வளவும் சரியாகச் செய்தார். திரைகள் அணைந்தன. விசிறி நின்றது.

"இப்ப என்ன இருக்கு சார்?" என்று கேட்டார் ஜெபசீலி.

"ஆட்டோ பைலட் இல்ல. பெரிய திரை மூணும் இல்ல. ரெண்டாவது ரேடியோ இல்ல. மழை காட்டுற ரேடார் இல்ல. இறக்கைல ஃபிளாப் இறங்காது, அதனால வேகமாத்தான் தரை தொடணும்."

"சரி. என்ன இருக்கு?"

"கண்ணாடில பனி பிடிக்காம இருக்கச் சூடு இல்ல. சக்கரத்தை இறக்க கரண்ட் இல்ல, கையால இழுத்துதான் விடணும். பிரேக்கு வழுக்காம பாத்துக்குற சிஸ்டம்…"

ஜெபசீலி சிமுலேட்டரை நிறுத்திவிட்டார்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. ஏதாவது தப்பாகச் சொன்னேனா என்று கேட்டார். இல்லை என்றார் ஜெபசீலி. பின்னே?

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல சார்."

அன்று சாயங்காலம், பயிற்சிக்காகத் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து, வழக்கம்போல, பாளையங்கோட்டையில் இருக்கும் மனைவி வடிவுக்கு போன் செய்தார்.

வேலை போன நாளிலிருந்து அவருடைய போன் பேச்சுக்கு ஒரே பாட்டுத்தான். பழைய மரியாதை இல்லை. பக்கத்தில் துணை பைலட் இல்லை. காப்பி கொண்டுவந்து நீட்ட ஆள் இல்லை. இந்தப் பொம்மை விமானத்தில் நிமிர்ந்து நிற்க இடம் இல்லை. இன்றைக்கு அதோடு சேர்ந்து, நம்ம பொண்ணு வயசுக்குக் கொஞ்சம் மூத்த ஒருத்தி எனக்கு விடுகதை போடுறா என்றும் சொன்னார்.

வடிவு "ம்" கொட்டினாள். வேலை போன மாதமே வீட்டு முன்னறையில் கணக்கு டியூஷன் ஆரம்பித்தவள் அவள். வீடு அதில்தான் ஓடியது. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை.

"நாளைக்குப் போடலன்னா அவ்வளவுதான் வடிவு," என்றார்.

"ம்," என்றாள் வடிவு.

வெள்ளிக்கிழமை.

பெங்களூரில் பழுது பார்க்கப் போயிருந்த ஜெட்டைத் திருச்சிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பயணிகள் இல்லை. இடது இருக்கையில் மாசிலாமணி, வலது இருக்கையில் ஜெபசீலி. கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் ஜெபசீலியின் பையில் இருந்தது. மாசிலாமணி அந்தப் பையைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.

சேலம் தாண்டியதும் ஐப்பசி மேகம். கண்ணாடிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை.

ஒரு விளக்கு எரிந்தது. இடது ஜெனரேட்டர் போய்விட்டது.

மாசிலாமணி ஜெபசீலியைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையா என்ற பார்வை அது. ஜெபசீலியின் கை இரண்டும் மடியில் இருந்தன. பரீட்சை இல்லை.

ஒரு தரம் போட்டுப் பார்த்தார். வரவில்லை. விட்டுவிட்டார். விசிறியையும் அடுப்பையும் அணைத்து வலது ஜெனரேட்டரின் சுமையைக் குறைத்தார். ஜெபசீலி பாடப் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

கொஞ்ச நேரத்தில் வலதும் போயிற்று.

ஏன் போயிற்று என்பதை மெக்கானிக்குகள் பின்னால் கண்டுபிடித்தார்கள். இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

மாசிலாமணி ஸ்விட்சைத் தள்ளினார். திரைகள் மூன்றும் கறுத்தன. காதில் இரைந்துகொண்டிருந்த விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு.

அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படிப் பயந்ததில்லை. ஜெபசீலிக்கும் பயம்தான். அவர் கை புத்தகத்தை விட்டு எழுந்து, தன் பக்கத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போனது.

விசிறிகள் அடங்கிய பிறகு ஒரு சத்தம் பாக்கி இருந்தது. மாசிலாமணி அதைக் கேட்டார்.

"ரெண்டு இஞ்சினும் ஓடுது," என்றார்.

ஓடத்தான் ஓடும். அதற்கு எரிபொருள் அடிக்கும் பம்ப் இஞ்சினோடேயே சுற்றுகிறது, கரண்ட் கேட்பதில்லை. மாசிலாமணிக்கு அது எப்போதும் தெரிந்த விஷயம். இப்போது அது புதுச் செய்திபோல் இருந்தது.

ஜெபசீலியின் கை பாதியில் நின்றது.

"அடிவானம் காட்டுற சின்ன மீட்டர் எரியுது. இறக்கை சமமா இருக்கு."

ஜெபசீலியும் அதை எட்டிப் பார்த்தார். மாசிலாமணி நிறுத்தவில்லை.

"காம்பஸ் இருக்கு. ஒரு ரேடியோ இருக்கு. வழி காட்டுற முள்ளு ஒண்ணு இருக்கு. தலைக்கு மேல இந்தச் சின்ன விளக்கு இருக்கு. பாட்டரி இருக்கு, இன்னும் அரை மணி நேரம்."

அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு வந்தது.

"திருச்சி பக்கத்துல இருக்கு. நீங்க இருக்கீங்க."

ஜெபசீலி கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ரேடியோவில் கேட்பதற்குப் பாட்டரி அதிகம் செலவாகாது. பேசுவதற்குத்தான் செலவு. மாசிலாமணி திருச்சிக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, பாட்டரியில் பறக்கிறோம், நேராக இறங்க வேண்டும், வழி சொல்லுங்கள், அதிகம் பேச மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் பேசவில்லை. அங்கிருந்து ஒரு ஆள் இத்தனை திரும்பு, இவ்வளவு இறங்கு என்று சொல்லச் சொல்ல, மாசிலாமணி ரேடியோ பித்தானை இரண்டு முறை தட்டினார். டிக், டிக். கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஆள் புரிந்துகொண்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் நிதானமாக, இரண்டு தரம் சொன்னான். முகம் தெரியாத அந்த மனுஷன்மேல் மாசிலாமணிக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. அவன் பேர் என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்க வேண்டும்போல் இருந்தது. டிக், டிக் என்று தட்டினார்.

மேகம் கிழிந்தது. கீழே காவிரி.

சக்கரத்தைக் கையால் இழுத்து விட்டார்கள். தன் பாரத்திலேயே இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஃபிளாப் இல்லாததால் வேகமாக வந்தார்கள், ஓடுதளத்தின் முக்கால்வாசியைத் தின்றார்கள், நின்றார்கள்.

மாசிலாமணி இஞ்சின்களை அணைத்தார். கடைசியாகப் பாட்டரியை அணைத்தார்.

இருக்கைப் பட்டையைக் கழற்றினார்.

"நன்றி," என்றார் மாசிலாமணி. ஜெபசீலிக்குச் சொன்னாரா, பாட்டரிக்குச் சொன்னாரா, மேலே யாருக்காவது சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. ஜெபசீலி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி இறங்கி வந்து இறக்கைக்குப் பக்கத்தில் நின்றார். மழை வருகிற வாசனையோடு காற்று அடித்தது. ஜெபசீலி பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். இறக்கைமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினார்.

மாசிலாமணி கவனிக்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்தார்.

வடிவு எடுத்ததும், "போட்டாங்களா?" என்று கேட்டாள்.

"நீ சாப்ட்டியா?"

வடிவின் குரல் மாறி வந்தது.

"என்னாச்சு? எங்க இருக்கீங்க? உங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"நல்லா இருக்கேன். தரைலதான் நிக்கேன். சாப்ட்டியா நீ?"

"…சாப்ட்டேன்."

"டியூஷனுக்குப் பிள்ளைங்க வந்துட்டாங்களா?"

"இப்பதான் வர ஆரம்பிக்குதுங்க."

"யார் யார் வருதாங்க?"

"உங்களுக்கு எதுக்கு அது? பதினோரு பேர் வருதாங்க."

"பேரைச் சொல்லு," என்றார் மாசிலாமணி.