மாடில்லாத கொரங்காடு

ஒரு ஊர்ல ஒரு கொரங்காடு இருந்துச்சு. சிரிக்காத, குரங்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மாடு மேயறதுக்குன்னே விட்ட காடு. சுத்தி முள்ளுக்கிளுவை வேலி, உள்ள வெள்வேல மரம், தரையோட தரையா கொழுக்கட்டைப்புல்லு. நூறு வருசமா ஏர் படாத மண்ணு. அதுல இருபது மாடு மேஞ்சுது. கூடவே ஏழு வெளிமானும் மேஞ்சுது. படிச்சவங்க அதைப் புல்வாய்ம்பாங்க. ம் சொல்லு.

காட்டுக்காரி பேரு பழனாத்தா. வீட்டுமனை போடறோம்னு ஆளுக வந்தப்போ, "இது மானுக்கு எழுதி வச்ச காடு, போங்க"ன்னு விரட்டிவிட்டா. நல்ல காரியந்தான். ஆனா அதோட நிக்கல. சரணாலயம்னா உள்ள மாடு இருக்கக் கூடாதுன்னு எங்கியோ படிச்சுத் தொலைச்சிருந்தா.

மாடு மேய்க்கிற சென்னியண்ணன் தலையைச் சொறிஞ்சார். "அம்மணி, மாடு வாய் வைக்காட்டி புல்லு ஏறிப்போயிருமுங்."

"ஏறட்டும்ணா. மானுக்கு வயிறு நிறையும்."

"பந்தி போடறீங்களாக்கும்?"

அவளுக்கு வந்துச்சே கோபம்! அந்த வாரமே இருபதையும் சந்தைக்கு ஓட்டிவிட்டா.

அப்புறம் முதல் வருச மழைக்குப் புல்லு முழங்கால் வரைக்கும் வந்துச்சு. வெறுந்தரையில முட்டை வைக்கிற ஆக்காட்டி, 'டிட்டிட்டீ, டிட்டிட்டீ'ன்னு கத்திக்கிட்டே வேற பக்கம் போயிருச்சு. "ஒரு குருவிதானே"ன்னா பழனாத்தா. ஆக்காட்டியைப் போய்க் குருவிங்கறா பாரு!

அடுத்த வருசம் இடுப்பு வரைக்கும். சரசர, சரசர. பழசெல்லாம் காய்ஞ்சு மூடி, அடியில தளிரே கிளம்பல. முயல் போயிருச்சு.

மூணாவது வருசம் நெஞ்சு வரைக்கும். வெளிமான் எதிரியைத் தூரத்துலயே பாத்துட்டு ஓடற பிராணி. கண்ணு முன்னால புல்லே மறைச்சு நின்னா என்ன பண்ணும்? நாய்க பதுங்கி வந்து, 'படக்'குன்னு ஒரு குட்டியைப் பிடிச்சிருச்சு. மறுநாள் காட்டுல ஒரு மானும் இல்ல. தூங்கிட்டியா? ம்.

அப்போ அவளே சென்னியண்ணன் வீட்டுக்குப் போனா. "தப்புப் பண்ணிட்டேண்ணா."

அவர் குத்திக்காட்டல. பத்து மாடு பிடிச்சாந்து விட்டாங்க. கறுக்கு கறுக்குன்னு மேஞ்சு, ரெண்டு வருசத்துல புல்லு தரையோட படிஞ்சுது. பழனாத்தா தினமும் விடிஞ்சதும் குனிஞ்சு குனிஞ்சு குளம்படி தேடுவா. எல்லாம் மாட்டுக் குளம்பு.

"எல்லாம் சரியாத்தானே இருக்குதுண்ணா? ஏன் வரமாட்டேங்குது?"

"காட்டைச் சரி பண்ணிட்டோமுங் அம்மணி. அதை மானுகிட்ட யாரு போய்ச் சொல்றதுங்?"

அவ அன்னிக்கு ரொம்ப நேரம் வேலியோரமாவே நின்னா.

கதையைப் பட்டியில அடைச்சாச்சு. கண்ணை மூடு.