சங்குவின் தட்டு

"நாய் சாப்பிட மாட்டேங்கும்மா," என்றார் திருமலைக்கொழுந்து.

செண்பகத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இத்தனை வருஷமா வாறீங்க. மோட்சம் கேட்டீங்க, மாயை கேட்டீங்க. இன்னைக்குத்தான் ஒரு உசுரோட பசியைப் பத்திக் கேக்கீங்க. சொல்லுங்க."

மலையடிவாரத்தில், வாய்க்கால் கரையில், ஓடு வேய்ந்த ஒற்றை அறைதான் அம்மாளின் மடம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. வயதைப் பார்த்து ஞானம் வருவதாக இருந்தால் இவர்தான் அவருக்கு உபதேசம் செய்திருக்க வேண்டும். அப்படி வருவதில்லை என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

லோடு ஆட்டோவிலிருந்து நாயை இரண்டு பேர் தூக்கி இறக்கியிருந்தார்கள். ராஜபாளையம் நாய். இடுப்பளவு உயரம், பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. ஓடுவதற்கென்றே செய்த உடம்பு. இப்போது விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. வேப்பமர நிழல்வரை நடந்து, அங்கேயே படுத்துவிட்டது.

"யார் வளத்தது?"

"என் மகன் சிவசைலம்."

அம்மாளுக்குத் தெரியும். சிவசைலம் பதினைந்து நாளைக்கு முன்பு காய்ச்சலில் செத்துப்போனான். கல்யாணம் ஆகவில்லை. அவன் அம்மா முன்பே போய்விட்டாள். அந்தப் பெரிய வீட்டில் மிச்சம் ஒரு தகப்பனும் ஒரு நாயும்தான்.

"அவன் போனதுக்கப்புறம் அது என்ன தின்னுது?"

"ஒண்ணுமே தின்னல. தண்ணிதான் குடிக்கு."

"என்ன வச்சீங்க?"

"மொதல்ல தயிர்சாதம்."

அம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தார்.

"இந்த நாய்க்கு?"

"சைவ வீட்ல வேற என்னம்மா இருக்கும்? அப்புறம் பால் வச்சேன். நெய் விட்டுப் பொங்கல் வச்சேன். மோந்துகூடப் பாக்கல. அவன் கூட்டாளி ஒருத்தன்தான் சொன்னான். அது குட்டியிலேருந்தே பச்சைக் கறி தின்னு வளந்ததாம். கோழிக் கழுத்து, ஆட்டு நெஞ்செலும்பு, ஈரல், ஓட்டோட முட்டை. எதையும் வேக வைக்க மாட்டானாம்."

"வாங்கினீங்களா?"

"வாங்கினேன்." "மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டுக் கறிக்கடை வாசல்ல நின்னேன். எங்க தெருவே வேடிக்கை பாத்துச்சு. திருநீறு எடுக்குற கையால ஈரலை நறுக்கினேன். குமட்டிக்கிட்டு வந்துது. அழுதுகிட்டே நறுக்கினேன். அப்படியும் சாப்பிட மாட்டேங்கு."

"டாக்டர்?"

"குளுக்கோஸ் ஏத்தினாரு. உடம்புல கோளாறு ஒண்ணும் இல்ல, ஏக்கம்தான்னாரு. இப்படியே கெடந்தா ரெண்டு மூணு நாள்ல போயிருமாம்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெருவுல எல்லாரும் வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. எசமானுக்காகப் பட்டினி கெடக்கு, என்ன விசுவாசம்னு மாலைகூடப் போட்டாங்க."

உண்மைதான். வாடிப்போன செவ்வந்தி மாலை ஒன்று நாயின் கழுத்தில் கிடந்தது. அம்மாள் போய் அதைக் கழற்றினார். கீரைத்தண்டுக் குப்பையோடு சேர்த்துப் போட்டார்.

"அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதாம்மா," என்றார் திருமலைக்கொழுந்து. "இதுவும் போயிட்டா..."



"கறி கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஆட்டோவுல இருக்கு."

"வைங்க. வீட்ல எப்படி வைப்பீங்களோ அப்படியே வைங்க."

திருமலைக்கொழுந்து ஒரு இரும்புச் சட்டியும் ஒரு எவர்சில்வர் தட்டும் எடுத்து வந்தார். மூக்கில் துண்டைக் கட்டினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பையிலிருந்த கறியை இரண்டிலும் கொட்டினார். பார்க்காமலே இரண்டையும் நாயின் முன்னால் தள்ளினார். பிறகு விறுவிறுவென்று வந்து சற்றுத் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சாப்பிடு சங்கு. சாப்பிடுய்யா. என் ராசால்லா."



நாய் கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்தது. கறியைப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. ஆனால் வாய் வைக்கவில்லை. திருமலைக்கொழுந்தின் முதுகைப் பார்த்தது. மறுபடி கறியைப் பார்த்தது. மறுபடி முதுகை.

"அய்யா," என்றார் அம்மாள். "ஏக்கத்துல எச்சி ஊறுமா?"

"பின்னே என்னம்மா?"

அம்மாள் மடத்துக்கு நடந்தார். உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தார். நாயின் பின்னால் போய் நின்று ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

வேப்பமரத்து மைனாவெல்லாம் பறந்தது. திருமலைக்கொழுந்து துள்ளித் திரும்பினார்.

நாயின் காது அசையவே இல்லை.

"இதுக்குக் காது கேக்காதா?"

"பிறவியிலேயே கேக்காது போல. இந்த வெள்ளை நாய்ங்கள்ல சிலதுக்கு அப்படி உண்டு."

"அவன் எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்டீங்களா?"

அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார்.

"பேரு என்ன சொன்னீங்க?"

"சங்கு. வெள்ளையா இருக்கதால அப்படி வச்சிருப்பான்னு..."

பாதியில் நின்றார்.

மகன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று எத்தனை தடவை கத்தியிருப்பார். கத்திக் களைத்ததும் கடைசியாக ஒன்று சொல்வார். உனக்குப் புத்தி சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணுடா. தினமும் சொல்லியிருக்கிறார். பையன் வாயே திறந்ததில்லை. போய் ஒரு செவிட்டு நாயை வளர்த்து அதற்குச் சங்கு என்று பேர் வைத்திருக்கிறான்.

"படவா ராஸ்கல்," என்றார் திருமலைக்கொழுந்து.

சிரித்துவிட்டார். மகன் செத்த பிறகு சிரித்த முதல் சிரிப்பு. அது பாதி வழியிலேயே அழுகையாகிவிட்டது.

அம்மாள் அழ விட்டார். மிச்சக் கீரையையும் ஆய்ந்து அடுப்பில் வைத்துவிட்டு வந்தார்.

"காது கேக்காததுக்கு எல்லாமே கண்ணுதான் அய்யா. உங்க பையன் எதையாவது செய்வான். அதைப் பாத்துட்டுத்தான் இது வாய் வைக்கும். என்ன செய்வான்?"

"தெரியாதும்மா."

"எங்க வச்சுப் போடுவான்?"

"பின்னால தொழுவத்துல."

"ஒரு நாள்கூடப் பாத்ததில்லையா?"

"பச்சைக் கறியை எப்படிம்மா பாக்க? அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"சரி. உங்க பையன் எங்க சாப்பிடுவான்?"

திருமலைக்கொழுந்து தரையைப் பார்த்தார்.

"அவனும் அங்கதான்."

"ஏன்?"

"கறி தொட்ட கையோட எம் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னேன்." துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தார். "குளிச்சிட்டு வந்து நின்னான். அப்பவும் கூடாதுன்னேன். நாயா நானான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவன் வந்து நிக்கல. அடுக்களையில சோத்தைப் போட்டுக்கிட்டுப் பின்னால போயிருவான்."

அம்மாள் குனிந்து சட்டியையும் தட்டையும் பார்த்தார்.

"இது என்ன ரெண்டு பாத்திரம்?" என்றார் அம்மாள்.

"தொழுவத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடந்துது. ரெண்டுமே அதுக்குத்தான்னு எடுத்தேன்."

"தட்டைப் பாத்தீங்களா?"

"கறித்தட்டுல என்னம்மா பாக்க?"

அம்மாள் தட்டிலிருந்த கறியை எடுத்துப் பையில் போட்டார். சட்டியிலிருந்ததையும் அள்ளினார். இரண்டு கோழிக் கழுத்தை மட்டும் அதிலே விட்டு வைத்தார்.

"இதென்னம்மா, இவ்வளவுதானா?"

"காஞ்ச வயிறு. கொஞ்சமாத்தான் ஆரம்பிக்கணும்."

தட்டை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். அவசரப்படவில்லை. திரும்பி வந்து, சூடாகச் சோறு போட்டு, கீரைக் கடையலை ஊற்றினார்.

"இங்க வந்து உக்காருங்க அய்யா."

நாய்க்கு நேர் எதிரே இடம் காட்டினார். நாய்க்கும் அவருக்கும் நடுவே சட்டி இருந்தது. அம்மாள் தட்டை அவர் முன்னால் வைத்தார்.

தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது.

தி. சிவசைலம். காதுகுத்து.

பாத்திரக்கடையில் பக்கத்திலேயே நின்று, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று கடைக்காரன் உயிரை வாங்கி, திருமலைக்கொழுந்துதான் வெட்ட வைத்தார். இடுப்பில் பிள்ளை இருந்தான். அந்த டொக் டொக் சத்தத்துக்கெல்லாம் சிரித்தான்.

எழுத்தை விரலால் தடவினார்.

"இதுலயா நான் கறியை..."

"சாப்பிடுங்க."

"முடியாதும்மா. அவன் போனதிலேருந்து மோரைக் குடிச்சிட்டுக் கெடக்கேன். அதுவும் அடுக்களையில நின்னுக்கிட்டே. இந்த வாடையில சோறு எறங்காது."

"சாப்பிடுங்க."

"அது பட்டினி கெடக்கு. அதுக்கு முன்னால நான் சாப்பிடுறது நியாயமாம்மா? பிள்ளை சாப்பிட்டப்புறம்தானே பெத்தவன்..."

அம்மாள் அவரையே பார்த்தார். கோபமில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

திருமலைக்கொழுந்து சோற்றைப் பிசைந்தார்.

முதல் வாயை மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்து இறக்கினார். நாய் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் கை தட்டுக்குப் போனால் அதன் கண்ணும் தட்டுக்குப் போனது. கை வாய்க்கு வந்தால் கண்ணும் வாய்க்கு வந்தது.

பச்சைக் கறி வாடை அடித்தது. முகத்தைத் திருப்பினார். நாய் முனகியது. மறுபடி அதன் பக்கம் திரும்பினார். முனகல் நின்றது.

அதன் கண்ணை அன்றுதான் அவர் நேருக்கு நேர் பார்த்தார். தேன் நிறக் கண். அவர் ஒவ்வொரு வாய் விழுங்குவதையும் அது காத்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் அவன் உட்கார்ந்திருப்பான் என்று அவருக்குத் தோன்றியது. இப்படித்தான் இது அவனைப் பார்த்திருக்கும்.

அதற்கப்புறம் அவர் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணீர் தாடையில் வழிந்து சோற்றில் விழுந்தது. அதையும் பிசைந்து சாப்பிட்டார்.

கடைசி வாயை வழித்துப் போட்டுக்கொண்டார். தட்டைத் தரையில் தள்ளி வைத்தார்.

நாய் தலையைக் குனிந்து சட்டியில் வாய் வைத்தது.

எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. திருமலைக்கொழுந்து எச்சில் கையோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை.



"இத்தனை வருஷம் எம் பிள்ளையைத் தனியாச் சாப்பிட வச்சிட்டேனேம்மா."

அம்மாள் நாயைப் பார்த்தார். அது காலிச் சட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"அவன் எங்க அய்யா தனியாச் சாப்பிட்டான்? தனியாச் சாப்பிட்டது நீங்கல்லா."