கரடியக்கா சுட்ட மூன்று தட்டு பிஸ்கட்

ஒரு காட்டில் கரடி ஒன்று பிஸ்கட் சுடக் கிளம்பியது. சிரிக்காதீர்கள், பிஸ்கட்டேதான்!

அன்று மாலை யானைக் குட்டிக்குப் பெயர் வைக்கும் விழா. "விழாவுக்கு பிஸ்கட் என் பொறுப்பு" என்று கரடியக்கா காடறியச் சொல்லிவிட்டது. அதற்கு முன் அது ஒரு பிஸ்கட்கூடச் சுட்டதில்லை. வாயை விட்டாயிற்று, இனி சுட்டுத்தானே ஆகவேண்டும்?

கேழ்வரகு மாவில் வெல்லப் பொடியைப் போட்டு, எருமை கொடுத்த வெண்ணெயைச் சேர்த்துப் பிசைந்தது. மாவு மூன்று தட்டுக்குத்தான் வந்தது. பெரிய பானையில் மணலைக் கொட்டிச் சூடேற்றி, முதல் தட்டை உள்ளே வைத்து மூடியது. சற்று நேரத்தில் காடே மணத்தது.

மணம் வந்தால் நரி வராமல் இருக்குமா? வந்தது.

கரடி தட்டை வெளியே எடுத்ததும் நரி ஒரு பிஸ்கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தது. மெத்தென்று அமுங்கியது. சூட்டில் எல்லா பிஸ்கட்டும் அப்படித்தான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பாகும். இது நரிக்குத் தெரியும். கரடிக்குத் தெரியாது.

"ஐயையோ அக்கா! வேகவே இல்லையே! இதைத் தின்றால் குட்டிக்கு வயிறு வலிக்காதா?"

கரடிக்குப் பகீரென்றது. "இப்போது என்ன செய்வது தம்பி?"

"நீங்கள் அடுத்த தட்டைப் பாருங்கள். இதை நான் குழியில் போட்டு மூடிவிடுகிறேன். ஒத்தாசைக்குத்தானே தம்பி இருக்கிறேன்?" என்று நரி தட்டைத் தூக்கிக்கொண்டு புதருக்குப் பின்னால் போனது.

இரண்டாம் தட்டைக் கரடி கூடுதல் நேரம் வேகவைத்தது. ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. நரி திரும்பி வந்து நடுவில் அமுக்கியது. "ஓரம் கருகல், நடுவே பச்சை மாவு!" என்று உதட்டைப் பிதுக்கியது. அந்தத் தட்டும் புதருக்குப் பின்னால் போனது.

மூன்றாம் தட்டைக் கரடி வெளியே எடுத்தது. தானே அமுக்கிப் பார்த்தது. இதுவும் மெத்தென்றுதான் இருந்தது. மாவும் தீர்ந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது, பாவம்.

விழாவுக்குப் போகிற வழியில் ஆமை வாசலில் எட்டிப் பார்த்தது. "அக்கா, எனக்கு ஒன்று கொடுங்களேன். காலையில் கிளம்பியவன், பசிக்கிறது."

"இது வேகாத பிஸ்கட் தம்பி!"

"பசிக்கு அதெல்லாம் தெரியாது அக்கா. இதோ வந்துவிட்டேன்."

வாசலிலிருந்து தட்டுக்குப் பத்தடி தூரம். ஆமையாயிற்றே! அது வந்து சேர்வதற்குள் கரடி அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முகமும் கழுவிவிட்டது. ஆமை ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தது.

மொறுக்!

கரடி திடுக்கிட்டு நிமிர்ந்தது. தானும் ஒன்றைக் கடித்தது. மொறுக்! அப்போது புதருக்குப் பின்னாலிருந்தும் ஒரு சத்தம் வந்தது: மொறுக், மொறுக், மொறுக்!

கரடிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. "வெந்திருக்கிறது! நான் சுட்டது வெந்திருக்கிறது!" என்று ஆமையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடியது.

விழாவில் ஆளுக்கொரு பிஸ்கட் கிடைத்தது. யானைக் குட்டி இன்னொன்று கேட்டுத் தும்பிக்கையை நீட்டி அடம்பிடித்தது. நரியும் ஒன்றும் தெரியாததுபோல் வரிசையில் வந்து நின்றது.

கரடி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. "உனக்கு வேண்டாம் தம்பி. இதுவும் அதே மாவு, அதே பானை. அமுக்கினால் மெத்தென்றுதான் இருந்தது. உனக்கு வயிறு வலித்தால் இந்த அக்கா தாங்குவேனா?"

நரி வாயைத் திறந்தது. 'அது நன்றாக வெந்த பிஸ்கட்தான்' என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். சொல்லாவிட்டால் பிஸ்கட் கிடைக்காது. திறந்த வாயை மூடிக்கொண்டது. ஆனால் அதன் மீசையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை யானைக் குட்டி பார்த்துவிட்டது. தும்பிக்கையால் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தது. காடே சேர்ந்து சிரித்தது.

நீதி: உன் கையால் செய்ததை அடுத்தவர் பேச்சைக் கேட்டு அவசரமாகத் தள்ளிவிடாதே, ஆறும்வரை பொறுத்து, நீயே கடித்துப் பார்.