செவலைக்குத் தண்ணி காட்டின கதை

ஒரு ஊர்ல, மழை எட்டிக்கூடப் பாக்காத ஒரு கரிசக்காட்டு ஊர்ல, இசக்கின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்துப் போயிட்டான். அவளுக்குன்னு இருந்தது மாடத்தின்னு ஒரு மக, செவலைன்னு ஒரு பசு, செவலை போட்ட கன்னுக்குட்டி, அம்புட்டுத்தான். மாடத்தி பொறந்தப்ப இசக்கிக்குக் காய்ச்சல் வந்து பால் வத்திப் போச்சு. செவலை பாலத்தான் சங்குல ஊத்தி ஊத்திப் பிள்ளையக் காப்பாத்தினா. அதனால செவலை வெறும் மாடு இல்ல, அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தாய். இத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னாடி வேண்டியிருக்கும்.

மாடத்திக்கு வாய்னா வாய், அப்படி ஒரு வாய். வேலைன்னா மட்டும் உடம்பு வளையாது. "அடுப்பப் பாத்துக்கட்டி"ன்னு சொல்லிட்டு இசக்கி போவா. வந்து பாத்தா கஞ்சி பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு கெடக்கும்.

"ஏட்டி, பாத்துக்கன்னு சொன்னேனே?"

"பாத்துக்கிட்டேதானம்மா இருந்தேன். கண்ண எடுக்கவே இல்ல."

துணிய வெயில்ல போடச் சொன்னா, சுருட்டின மேனிக்கு அப்படியே போட்டிருப்பா. "போடுன்னுதான சொன்ன? விரிச்சுப் போடுன்னு சொன்னியா?" இசக்கிக்குக் கோவமும் வரும், சிரிப்பும் வரும். தெருவே சிரிக்கும். "எம்புட்டுப் பேச்சு பேசுது பாரு"ன்னு கன்னத்தக் கிள்ளிக் கொஞ்சும். அந்தச் சிரிப்புதான் பிள்ளையக் கெடுத்துச்சு. ஏய், நீ ஏன் இப்ப சிரிக்க? வாய மூடு. இது சிரிக்கிற கதை இல்ல.

ஒரு கோடையில இசக்கிக்குப் பக்கத்து ஊர்ல பருத்தி எடுக்கிற வேலை வந்துச்சு. "அங்கயே தங்கி வேலைய முடிச்சுட்டு மூணாம் நாள் பொழுது சாய வந்துருவேன். சோறு அடுத்த வீட்டு அத்தை போடுவா. மாட்டுக்கு மூணு நாளைக்கும் வைக்கோல் போட்டிருக்கேன். பால் கறக்க வேண்டாம், கன்னு குடிச்சுக்கிடட்டும். நீ ஒரே ஒரு வேலை செஞ்சாப் போதும் தாயி. செவலைக்குக் காலையிலயும் சாயந்தரமும் தண்ணி காட்டிரு. என்ன சொன்னேன்?"

"செவலைக்குத் தண்ணி காட்டணும்."

தண்ணி காட்டுறதுன்னா என்ன? தொட்டி நெறைய ஊத்தி, மாடு வயிறு முட்டக் குடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கிறது. மாடு வச்சிருக்க வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும். மாடத்திக்கும் தெரியும், தெரிஞ்சுதான் செஞ்சா.

கெணறு ஊருக்கு வெளிய எங்கயோ கெடக்கு. வீட்டுல ஒரு குடம் தண்ணி இருக்கு. அத ஊத்திட்டா மறுபடியும் கெணத்துக்கு நடக்கணும். தெருவுல கூட்டாளிப் பிள்ளைக சொட்டாங்கல்லு ஆடக் கூப்பிடுதுக. மாடத்தி என்ன செஞ்சா தெரியுமா? குடத்தத் தூக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி போயி, செவலை மூஞ்சிக்கு நேரா காட்டி, "இந்தா பாரு தண்ணி, பாத்துக்கிட்டியா? சரி"ன்னு திரும்பக் கொண்டாந்து உள்ள வச்சுட்டு ஓடிப் போயிட்டா.

செவலை கழுத்த நீட்டி, "தாயி, காட்டினியே, குடுக்கலையே"ன்னுச்சு.

"அம்மா காட்டத்தான் சொன்னா."

மறுநாளும் குடத்தக் காட்டினா. செவலை கயித்த இழுத்துக்கிட்டு நாக்க நீட்டி, "தாயி, தொண்டை ஒட்டுது, பால் வத்துது, ஒரு வாய் குடு"ன்னுச்சு. "அதான் காட்டியாச்சே"ன்னுட்டுப் போயிட்டா. சோறு போட்ட அத்தை கேட்டா, "ஏட்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" "காட்டினேன் அத்தை." அத்தையும் சரின்னு விட்டுட்டா, பாவம், அவளுக்கென்ன தெரியும்?

மூணாம் நாள் குடத்தத் தூக்கிட்டுப் போனா, செவலை எந்திரிக்கல. படுத்த வாக்குலயே, "தாயி, எனக்கு வேண்டாம். என் கன்னுக்காவது காட்டாமக் குடு"ன்னுச்சு.

அந்தக் குரலக் கேட்டதும் மாடத்தி ஓடிப் போயி செவலை வாயில குடத்தச் சாய்ச்சா. தண்ணி கடவாய் வழியா வழிஞ்சு மண்ணுக்குப் போச்சு. "குடி செவலை, நெசமாத்தான் குடுக்கேன், குடி, குடி"ன்னு அழுதா. செவலை அவளையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பாக்கல.

பொழுது சாய இசக்கி வந்தா. தெருமுனையில வரும்போதே கேக்கா, "மாடத்தி, செவலைக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டினேம்மா. காட்ட மட்டுந்தாம்மா செஞ்சேன்."

இசக்கிக்குப் புரிஞ்சு போச்சு. பின்னாடி ஓடிப் போயி செவலை தலைய மடியில தூக்கி வச்சுக்கிட்டு, "உன் பால்ல வளந்த பிள்ளைதானடி, உன் பால்ல வளந்த பிள்ளைதான"ன்னு அழுதா. மகள அடிச்சாளான்னா கேக்க? அடிச்சிருந்தாத் தேவலையே.

மாடத்தி அழுதழுது தொண்டை வறண்டு, "அம்மா, தண்ணி"ன்னா. இசக்கி எந்திரிச்சு, குடத்துல மிச்சமிருந்த தண்ணிய ஒரு செம்புல மோந்தா. மக மூஞ்சிக்கு நேரா நீட்டினா, நீட்டிட்டுப் பின்னால இழுத்தா. "இந்தா, பாத்துக்க."

மாடத்தி கழுத்த நீட்டினா. செவலை நீட்டின மாதிரியே நீட்டினா. அதப் பாத்ததும் இசக்கி, "ஐயோ, ஒரு தடவகூட என்னால முடியலையே. உனக்கு எப்படிடி முடிஞ்சுச்சு?"ன்னு செம்ப அவ வாயில வச்சுட்டா. அந்தத் தண்ணி மாடத்திக்கு எறங்கவே இல்ல.

விடிஞ்சதும் மாடத்தி தானாக் கெணத்துக்குப் போயி தண்ணி கொண்டாந்து கன்னுக்கிட்ட நீட்டினா. கன்னு மூஞ்சியத் திருப்பிக்கிடுச்சு. தாய்க்கு நடந்ததத்தான் அது பக்கத்துல நின்னு பாத்துச்சே! இவ காட்டிட்டுத் தூக்கிட்டுப் போயிருவான்னு நெனச்சிருச்சு. மாடத்தி தொட்டியில ஊத்திட்டுத் தள்ளிப் போயி நின்னா. அப்பத்தான் குடிச்சுச்சு. அது தலைய நிமித்துற வரைக்கும் நின்னா. அன்னையிலருந்து தெனமும் அப்படித்தான் நின்னா. கன்னு பொழச்சுப் பெரிய பசுவாச்சு, ஆனா அவ கைய மட்டும் கடைசி வரைக்கும் மேல பட விடல.

அப்புறம் அந்த வீட்டுல யாரும் "தண்ணி காட்டினியா"ன்னு கேக்கிறதே இல்லையாம். "குடிச்சுச்சா"ன்னுதான் கேப்பாங்களாம்.

குடமும் காலி, கதையும் காலி. சரி, கட்டிப் போட்டிருக்க ஆட்டுக்குட்டிக்குத் தண்ணி வைக்கச் சொன்னேனே, யாரு வச்சது? நீயா? வச்சியான்னு நான் கேக்கல. குடிச்சுச்சா? எந்திரி, போயிப் பாத்துட்டு வா.