இருபத்தொரு சுற்றும் ஓர் ஊற்றும்

மூங்கில்மடுவில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த காட்டில் எந்த மிருகத்துக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மான்கள் மேய்வதை விட்டுவிட்டு அடிக்கடி வானத்தைப் பார்த்தன. குரங்குகள் ஒரு கிளையில் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. மடுவின் நடுவில் கலங்கிய சேற்று நீர்தான் மிச்சம். பெரிய மிருகங்கள் அதைக் குடித்து நாளைத் தள்ளின.

குட்டிகளுக்கு அந்தச் சேற்று நீர் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் வயிற்றால் போனது.

நல்லவேளையாக, மடுவின் ஓரத்தில் நின்ற பெரிய கருங்கல்லின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. தெளிந்த தண்ணீர். ஆனால் ஒரு நாள் முழுக்க ஊறினால்தான் ஒரு சிறு குழி நிறையும். 'இது குட்டிகளுக்கு மட்டும்' என்று எல்லா மிருகங்களும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தன. தினமும் விடிந்ததும் குட்டிகள் வந்து, முட்டி மோதிக் குடித்துவிட்டுப் போகும்.

ஒருநாள் காலை குட்டிகள் வந்தபோது குழியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

"யாரோ குடித்திருக்கிறார்கள்!" என்று கத்தியது தாவி என்ற குரங்கு.

"குட்டிகளின் தண்ணீரைக் குடிக்கிற அளவுக்கு யார் இங்கே கெட்டுப்போனது?" என்று உறுமியது கொழுமூக்கன் என்ற காட்டுப்பன்றி.

கவைக்கொம்பன் முன்னால் வந்தது. அது பெரிய கொம்புள்ள மிளா மான். அந்தக் கருங்கல்லில்தான் மழைச்சாமி குடியிருக்கிறார் என்று மிருகங்கள் நம்பின. அந்தச் சாமியை எப்படிக் கும்பிட வேண்டும், எந்த நாளில் பட்டினி கிடக்க வேண்டும் என்பதெல்லாம் கவைக்கொம்பனுக்குத்தான் தெரியும். அதனால் மற்ற மிருகங்கள் அதை 'ஐயா' என்றே கூப்பிட்டன.

"சாமிக்குப் பயந்தவன் குட்டிகளின் தண்ணீரில் வாய் வைப்பானா?" என்று கேட்டது கவைக்கொம்பன். "நமக்குப் பயம் விட்டுப்போய்விட்டது! இதுவரை சுற்றிவந்த மூன்று சுற்று போதாது, இன்றைக்கே விதியைக் கடுமையாக்குகிறேன். உச்சி வெயிலில் எல்லோரும் கல்லை ஏழு முறை சுற்ற வேண்டும். பொழுது சாயும்வரை யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது!"

"அப்படியே ஆகட்டும் ஐயா!" என்றன எல்லாம்.

அந்தக் கூட்டத்தில் மிகுந்த பக்தியோடு தலையாட்டியது பொடிச்சி. அது ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சின்னச் சத்தம் கேட்டாலும் நடுங்கும். விதி என்று ஒன்று சொன்னால் போதும், அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். எல்லோரும் ஏழு முறை சுற்றினால் பொடிச்சி ஒன்பது முறை சுற்றியது.

ஆனால் மறுநாள் காலையிலும் குழி நிறையவில்லை. இந்த முறை பாதிக்கும் கீழே.

"ஏழு போதாது, பதினொன்று!" என்றது கவைக்கொம்பன்.

அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. "பதினைந்து!" என்றது.

அன்றைக்குப் பொடிச்சி பதினேழு சுற்றுச் சுற்றியது. மணல் கொதித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மற்ற மிருகங்கள் மூங்கில் நிழலில் சுருண்டு கிடந்தன. பொடிச்சி தள்ளாடிக்கொண்டு கல்லின் பின்பக்கம் வந்தது. ஊற்றில் தண்ணீர் மினுங்கியது.

'இவ்வளவு விரதம் இருக்கிறேன். வேறு யார் பதினேழு சுற்றினார்கள்? எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடவா ஆகாது? சாமிக்குத் தெரியாதா என் பக்தி?'

குனிந்தது. ஒரு வாய்தான் குடித்தது. பிறகு இன்னொரு வாய். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது.

மறுநாள் காலை குழியில் ஈரம்தான் இருந்தது. குட்டிகள் மணலை நக்கிவிட்டு அழுதன. தாய் மிருகங்கள் கொதித்துப்போய் நின்றன.

"யார் விதியைக் கடைப்பிடிக்கவில்லையோ அவர்தான் திருடர்! யார் சுற்றுக்கு வரவில்லை?" என்று கேட்டது கொழுமூக்கன்.

எல்லாக் கண்களும் சிலிர்ப்பியின் பக்கம் திரும்பின.

சிலிர்ப்பி ஒரு முள்ளம்பன்றி. இரண்டு குட்டிகளுக்குத் தாய். இருட்டில் வெளியே போய்க் கிழங்கு தோண்டிக்கொண்டு வரும். பகலில் வளையில் தூங்கும். காலையில் குட்டிகளைத் தண்ணீருக்குக் கூட்டிவருவதோடு சரி. அது ஒரு நாளும் கல்லைச் சுற்றியதில்லை.

"ஐயா, நான் வெயிலில் சுற்றினால் ராத்திரி எப்படிக் கிழங்கு தோண்டுவேன்? பிள்ளைகளுக்கு யார் போடுவார்கள்?" என்று கேட்டது சிலிர்ப்பி. "தண்ணீரை நான் தொடவில்லை. என் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரை நானே திருடுவேனா?"

"விதியை மதிக்காதவள் வேறு எதை மதிப்பாள்?" என்றது கவைக்கொம்பன்.

"அதுதானே!" என்றது தாவி.

"அதுதானே!" என்றது கொழுமூக்கன்.

பொடிச்சிக்கு வாய் வரவில்லை. சொன்னால் என்ன ஆகும்? இத்தனை நாள் சுற்றிய சுற்றெல்லாம் என்ன ஆகும்? அது கீழே பார்த்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டியது.

"இனிமேல் நீ இந்த மடுப் பக்கம் வரக் கூடாது! இவளோடு பேசுவதும் தீட்டு, பார்ப்பதும் தீட்டு!" என்று தீர்ப்புச் சொன்னது கவைக்கொம்பன்.

சிலிர்ப்பி இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாத பாறைச்சரிவின் பக்கம் போய்விட்டது.

அன்றிலிருந்து பொடிச்சிக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் எழுந்தது. எழுந்தால் நடந்தது. நடந்தால், எங்கே போகிறோம் என்று தெரியாமல் நின்றது. புல் வாய்க்குள் போனால் வைக்கோலாகத் தெரிந்தது. மனதைச் சமாதானப்படுத்த இன்னும் நாலு சுற்று அதிகமாகச் சுற்றிப் பார்த்தது. சுற்றச் சுற்றத் தாகம் கூடியதே தவிர, நெஞ்சுக்குள் இருந்தது நகரவில்லை.

சிலிர்ப்பி போன பிறகாவது ஊற்று நிறைய வேண்டுமே! நிறையவில்லை.

"திருட்டுத்தனமாக வந்து குடிக்கிறாள்" என்றன மிருகங்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பொடிச்சியால் நிழலில் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து கல்லின் பின்பக்கம் போனது. தண்ணீர் குடிக்கவா, வெறுமனே பார்க்கவா என்று அதற்கே தெரியாது.

அங்கே கொழுமூக்கன் ஊற்றுக்குள் மூக்கைவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது!

பக்கத்தில் தாவி உட்கார்ந்திருந்தது. "சீக்கிரம் அண்ணே, எனக்கும் கொஞ்சம் வையுங்கள்" என்று முணுமுணுத்தது.

"நீங்களா!" என்றது பொடிச்சி.

கொழுமூக்கன் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "சத்தம் போடாதே தங்கச்சி! நான் இன்றைக்குப் பதினைந்து சுற்றையும் முடித்துவிட்டேன். விரதம் காத்தவனுக்கு ஒரு மிடறு பாவமா?"

"நான் ஒற்றைக்காலில் வேறு நின்றேன்" என்றது தாவி.

அப்போது மூங்கில் சருகு நொறுங்கியது. கவைக்கொம்பன் வந்துகொண்டிருந்தது. அது இவற்றைக் கவனிக்கவில்லை. நேராக ஊற்றுக்கு வந்து முன்னங்காலை மடித்தது. அதற்குப் பிறகுதான் மூன்று ஜோடிக் கண்களையும் பார்த்தது.

மடித்த காலை எடுத்து மறுபடி ஊன்றியது.

"சரி," என்றது கவைக்கொம்பன், குரலைத் தாழ்த்தி. "தவறு நடந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டு. நாளை முதல் இருபத்தொரு சுற்று. இது நமக்குள்ளேயே இருக்கட்டும்."

"அப்படியானால் சிலிர்ப்பி அக்கா?" என்று கேட்டது பொடிச்சி.

"அவள் சுற்றுக்கு வராதது உண்மைதானே? தண்டனை அதற்கென்று வைத்துக்கொள்!"

பொடிச்சி அந்த மூன்று முகங்களையும் பார்த்தது. தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. உடம்பெல்லாம் கூசியது. சட்டென்று திரும்பி, பாறைச்சரிவைப் பார்த்து ஓடியது.

"நில்! அவளைப் பார்ப்பது தீட்டு!" என்று பின்னாலிருந்து கத்தியது கவைக்கொம்பன்.

பொடிச்சி நிற்கவில்லை. முள் கிழித்தது. காலடியில் பாறை சுட்டது. ஒரு பாறை இடுக்கில் சிலிர்ப்பியைக் கண்டுபிடித்தபோது அதற்கு மூச்சு வாங்கியது.

சிலிர்ப்பியின் முள்ளெல்லாம் விறைத்து நின்றன. அதன் வயிற்றோரத்தில் ஒரு குட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"அக்கா, இன்னொரு பிள்ளை எங்கே?"

சிலிர்ப்பி பக்கத்தில் புதிதாகத் தள்ளியிருந்த மண்ணைப் பார்த்தது.

பொடிச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டது. "தண்ணீரைக் குடித்தது நான்தான் அக்கா. நான் மட்டும் இல்லை. ஆனால் நானும்தான்."

"அன்றைக்கு நீ தலையாட்டினாய். நான் பார்த்தேன்" என்றது சிலிர்ப்பி.

"ஆமாம், ஆட்டினேன்."

"இப்போது எதற்கு வந்தாய்? மன்னிப்புக் கேட்கவா?"

"இல்லை அக்கா. கேட்க எனக்கு வாய் இல்லை. இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும். வாருங்கள், எல்லோருக்கும் முன்னால் நான் சொல்கிறேன்."

சிலிர்ப்பி நெடுநேரம் அதையே பார்த்தது. பிறகு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு எழுந்தது.

அவை மடுவுக்கு வந்தபோது எல்லா மிருகங்களும் கல்லின் முன்னால் கூடியிருந்தன. புதிய விதியைக் கவைக்கொம்பன் அறிவித்துக்கொண்டிருந்தது.

"தீட்டு! தீட்டு!" என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் விலகியது. அந்த வழியிலேயே சிலிர்ப்பி ஊற்றுக்குப் போய்க் குட்டியை இறக்கியது.

"குட்டிகளின் தண்ணீரை நான் குடித்தேன்!" என்று கத்தியது பொடிச்சி. "பதினேழு சுற்றுச் சுற்றிவிட்டுக் குடித்தேன். சுற்றியதால் குடிக்கலாம் என்று நினைத்தேன். சிலிர்ப்பி அக்கா ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அவள் பிள்ளை ஒன்று செத்துப்போய்விட்டது. நாம் கொன்றுவிட்டோம்!"

"விரதத்தை முறித்தவள் பேச்சை யாரும் கேட்காதீர்கள்!" என்றது கவைக்கொம்பன்.

கொழுமூக்கன் ஊற்றோரம் கிடந்த குட்டியைப் பார்த்தது. குட்டி குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் நாக்கை மட்டும் நீட்டியது. பன்றிக்கும் வீட்டில் ஆறு குட்டிகள் இருந்தன.

"நானும் குடித்தேன்" என்றது கொழுமூக்கன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நானும்" என்றது தாவி.

கூட்டத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இன்னும் பல குரல்கள் வந்தன. அவற்றில் ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் குடித்ததாக நினைத்திருந்தது. ஒவ்வொன்றும் சுற்றை முடித்துவிட்டுத்தான் குடித்திருந்தது. கடைசியில் எல்லாம் கவைக்கொம்பனைப் பார்த்தன. அது கொம்புகளைத் தாழ்த்திக்கொண்டு ஊற்றை விட்டு நாலடி தள்ளி நின்றது.

அதற்குப் பிறகும் பலநாள் மழை வரவில்லை. ஆனால் ஊற்று மறுநாளே நிறைந்தது. அதற்கடுத்த நாளும் நிறைந்தது. கல்லைச் சுற்ற விரும்பியவை சுற்றின. யாரும் தடுக்கவில்லை. சிலிர்ப்பியின் குட்டி மெல்லத் தேறியது. பொடிச்சி தினமும் விடியும் முன்பே எழுந்து, சிலிர்ப்பியின் வளைக்குப் போய்க் குட்டியை ஊற்றுக்குக் கூட்டிவந்தது. சிலிர்ப்பி அதோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் கவைக்கொம்பன் தயங்கித் தயங்கிச் சிலிர்ப்பியிடம் வந்தது. "இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன விதி போடலாம், நீயே சொல்லம்மா" என்று கேட்டது.

"விதி எதுவும் வேண்டாம் ஐயா" என்றது சிலிர்ப்பி. "தாகம் எடுத்தால், விடிந்ததும் இங்கே வந்து நில்லுங்கள். பிள்ளைகள் குடிப்பதைப் பாருங்கள். பார்த்த பிறகும் குடிக்கத் தோன்றினால் குடியுங்கள்."

கவைக்கொம்பன் மறுநாள் விடிந்ததும் வந்து நின்றது. பார்த்தது. பிறகு சேற்று நீரின் பக்கம் நடந்துபோனது.

சாமிக்காக எத்தனை கடுமையான விதிகளைக் கடைப்பிடித்தாலும், பக்கத்தில் இருப்பவரின் தாகத்தைத் தன் தாகமாக உணராத மனம் நன்மை செய்யாது.